பத்தாவது ஆள்

“சார், உங்களுக்குத் தெரிஞ்ச இஸ்ரேல்காரங்க யாராச்சும் இருக்காங்களா?”

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடை. கடைக்காரர் இப்படிக் கேட்டதும் ஏதோ ரூம் வாடகை பாக்கி விவகாரம் என்றுதான் நினைத்தேன்.

“அதெல்லாம் இல்ல சார். தோ, இந்தப் பெரியவருக்கு ரெண்டு ஆள் குறையுது. பத்துப் பேர் சேந்தாத்தான் சாமி கும்பிட முடியுமாம். நானும் ரெண்டு மூணு கெஸ்ட் ஹவுஸ்ல விசாரிச்சுட்டேன்.”

டிசம்பர் மாதம், வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி. பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, உச்சந்தலையில் சின்னதாக ஒரு குல்லாய். கையில் சின்ன நோட்டுப் புத்தகம். அதில் எட்டுப் பெயர்கள்.

அன்று அவருடைய அப்பா இறந்த நாள். நம் கணக்கில் சொன்னால் வருஷத் திதி. அதற்குக் ‘கத்தீஷ்’ என்று ஒரு பிரார்த்தனை. செத்தவருக்காகச் சொல்வதுதான், ஆனால் அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்கக் கடவுளைப் போற்றுவதுதான். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. சொல்பவர் சொல்ல, கூடியிருப்பவர்கள் ‘ஆமென்’ என்று பதில் தர வேண்டும். கூடியிருப்பவர்கள் என்றால் குறைந்தது பத்துப் பேர். யூதர்களாக இருக்க வேண்டும்.

“நான் வரலாமா?” என்று கேட்டேன்.

“தாராளமாக வாருங்கள். உட்காருங்கள். ஆனால் உங்களை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது” என்றார், சங்கடமாகச் சிரித்துக்கொண்டு.

நாம் சாவுக்கு நாலு பேரை எண்ணுகிறவர்கள். தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும் என்பதற்காகவே உறவு, ஊர், பகை, சமாதானம் எல்லாம். அதே நாலு பேர்தான் உயிரோடிருக்கும்போது ‘என்ன சொல்வாங்களோ’ என்று நம்மைப் பயமுறுத்தவும் செய்கிறார்கள். யூதர்களுக்கு நாலு போதவில்லை, பத்து. அதற்கு ‘மின்யான்’ என்று பெயர். எண்ணிக்கை என்றுதான் அர்த்தம்.

இந்தப் பத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மோசே கானான் தேசத்தை உளவு பார்க்கப் பன்னிரண்டு பேரை அனுப்புகிறார். இரண்டு பேர் நம்பிக்கையோடு திரும்புகிறார்கள். பத்துப் பேர் ‘அங்கே போனால் செத்தோம்’ என்று புலம்பி ஜனங்களைக் கலக்கிவிடுகிறார்கள். கடவுளுக்குக் கோபம். கோபத்தில் அந்தப் பத்துப் பேரையும் ‘சபை’ என்று குறிப்பிடுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு பழைய ரப்பிகள் முடிவு செய்துவிட்டார்கள்: சபை என்றால் பத்து. புண்ணியவான்கள் பத்துப் பேர் அல்ல, முணுமுணுத்த பத்துப் பேர்! அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்குக்குப் போனவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

ரப்பி என்றால் பூசாரி இல்லை, வாத்தியார். அவர் இல்லாமலும் தொழுகை நடக்கும். பதின்மூன்று வயது முடிந்த, ஓரளவு படிக்கத் தெரிந்த யாரும் முன்னால் நின்று நடத்தலாம். ஒன்பது ரப்பிகள் சேர்ந்தாலும் மின்யான் ஆகாது, பத்து செருப்புத் தைக்கிறவர்கள் சேர்ந்தால் ஆகிவிடும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. ஜெப ஆலயம் என்று நாம் சொல்வதற்கு எபிரேயத்தில் உள்ள பெயர்கூட ‘கூடும் வீடு’ என்றுதான் பொருள்படும். கடவுளின் வீடு என்பதல்ல. மனிதர்கள் கூடினால் அது ஆலயம். கூடாவிட்டால் கட்டடம்.

இவ்வளவு ஜனநாயகமான ஏற்பாட்டில் தலைவருக்கு என்ன வேலை? ஒரே வேலைதான். பத்தாவது ஆளைக் கொண்டுவருவது. பார்த்தால் சின்ன வேலை. ஆனால் ‘யார் எண்ணிக்கையில் வருவார், யார் வரமாட்டார்’ என்று முடிவு செய்கிற அதிகாரம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு சமூகத்தின் கதை முழுக்க அந்த முடிவில்தான் இருக்கிறது.

பெரியவர் டீ குடித்தபடியே சொன்னார்: “இங்கே வரும் வழியில் கொச்சி போயிருந்தேன். அங்கேயும் இதே கதைதான். ஆள் இல்லை.”

ஒரு விதத்தில் இதே கதைதான். இன்னொரு விதத்தில் அது வேறு கதை.

கொச்சிக்குப் போகுமுன் ரமணாசிரமத்திலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம். யூதர்கள் இங்கே புதிதல்ல. 1936-இல் எஸ்.எஸ்.கோஹன் வந்து சேர்ந்தார். இராக்கிலிருந்து வந்த யூதர். ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் மண்சுவர் வைத்துக் குடிசை கட்டிக்கொண்டு தங்கினார். ‘குரு ரமணா’ என்ற அவர் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பக்திப் பரவசமெல்லாம் ரொம்பக் கிடையாது. கேள்வி, பதில், தேதி. மகரிஷியின் கடைசி நாட்களைப் பற்றி அவர் எழுதி வைத்த டைரி, அழாமல் எழுதியதாலேயே படிப்பவரை அழவைக்கும். மாரிஸ் ஃப்ரீட்மன் போலந்து யூதக் குடும்பத்தில் பிறந்த இன்ஜினீயர். ரமணரிடம் கேள்விகளாகக் கேட்டுத் துளைத்தவர். காந்தியோடு சேர்ந்து ஔந்த் சமஸ்தானத்தில் கிராம சுயராஜ்ய அரசியலமைப்புக்கு உழைத்தார். பின்னால் நிசர்கதத்தரின் உரையாடல்களை ‘ஐ ஆம் தட்’ என்று 1973-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் இவரே.

இவர்களில் யாரையும் ரமணர் கூப்பிடவில்லை. மதம் மாறு என்று சொல்லவில்லை. சம்பிரதாய தீட்சையும் கொடுக்கவில்லை. முள்செடியின் நெருப்பில் மோசேயிடம் கடவுள் தன் பெயரைச் சொன்ன அந்த இடத்தை, ‘நான்’ என்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். யூதனுக்கு அவனுடைய புத்தகத்தையே திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லலாம். பழைய ஹாலில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்தார்கள். பசு லட்சுமி உட்பட.

ஆனால் அந்த ஹாலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் நடுவே ஒரு தடுப்பு. தனியாகச் சாப்பிட விரும்பிய பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம். ரமணர் இரண்டு பக்கத்துக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பரிமாறியதையே சாப்பிட்டார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் காலத்து அன்பர்களின் நினைவுக் குறிப்புகளில் இந்தத் தடுப்பு வருகிறது. பலரும் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தியான ஹாலைப் பற்றிப் பத்துப் பக்கம், தடுப்பைப் பற்றி ஒரு வரி. நம் ஆன்மிக எழுத்து முழுவதிலும் இருக்கிற கோளாறு இது. குரு என்ன சொன்னார் என்று எழுதுவோம், பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதமாட்டோம்.

கொச்சி யூதர்களைப் பற்றிய எழுத்திலும் இதே கோளாறுதான்.

மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பற்றி எழுதாத டூரிஸ்ட் இல்லை. சீனாவிலிருந்து வந்த நீல டைல்ஸ், ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. கண்ணாடிச் சரவிளக்குகள். 1760-இல் கட்டிய மணிக்கூண்டு. ‘கடைசி யூதர்கள்’ என்று ஒரு பெருமூச்சு. கட்டுரை ஓவர்.

‘பரதேசி’ என்றால் நமக்குத் திட்டுகிற வார்த்தை. கிரிவலப் பாதையில் காவி கட்டிப் படுத்திருப்பவரையும் அப்படித்தான் சொல்கிறோம். கொச்சியில் அது வெளிதேசத்திலிருந்து வந்தவர் என்கிற அர்த்தத்தில் கௌரவமான சொல். ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பின்னால் வந்து சேர்ந்த வெளுத்த யூதர்கள் பரதேசிகள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே வந்து மலையாளம் பேசி வாழ்ந்தவர்கள் மலபார் யூதர்கள். சுமார் கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு, நம் பழைய வட்டெழுத்தில் இருக்கிறது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவோடு 72 உரிமைகளைத் தருகிறது: பகல் விளக்கு, நடக்க விரிக்கும் துணி, பல்லக்கு, குடை, முரசு, எக்காளம் என்று நீளும் பட்டியல். தலைவர் என்றால் குடை பிடிக்கப்பட வேண்டியவர் என்று நாம் நினைப்பதற்கு ஆயிரம் வருஷத்துச் சாட்சி.

அந்தச் செப்பேட்டைப் பாதுகாத்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு பிரிவு இருந்தது. முன்பு அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகள் என்று சொல்லப்பட்டவர்கள். அதே தோரா, அதே சனிக்கிழமை, அதே எபிரேயம். ஆனால் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. வாசல் பக்கத்து முன்னறையில், தரையில் உட்காரலாம். தோரா வாசிக்க அழைக்கப்பட மாட்டார்கள். வெள்ளை யூதர்களின் கல்லறையில் இடம் கிடையாது. மின்யானுக்காகவே உண்டான ஒரு மதத்தில், எண்ணிக்கையில் வராத யூதர்கள்!

இதை உள்ளேயிருந்து சொன்ன புத்தகம் ‘ரூபி ஆஃப் கொச்சின்’. ரூபி டேனியல், மானுடவியலாளர் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து எழுதி 1995-இல் வந்தது. ரூபி 1912-இல் மட்டாஞ்சேரியில் அந்த மூன்றாவது பிரிவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். 1951-இல் இஸ்ரேல் போய் அங்கே ஒரு கிப்புட்ஸில் வாழ்ந்தார்.

புத்தகத்தில் குறைகள் உண்டு. காலவரிசை தாவுகிறது. பாட்டி சொன்ன கதைக்கும் நடந்த சரித்திரத்துக்கும் நடுவே கோடு போடவில்லை. அடிமை வம்சம் என்று தன் குடும்பத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை ரூபி பாட்டி கதைகளை வைத்தே மறுக்கிறார். பேராசிரியர்கள் ஒத்துக்கொள்வார்களா, தெரியாது. ஆனால் டூரிஸ்ட் கட்டுரைகளில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. கோபம். அந்தக் கோபத்துக்குப் பக்கத்திலேயே கல்யாண வீட்டுச் சமையல், பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிய மலையாளப் பாட்டுகள், பண்டிகை விளக்குகள். தன்னை வாசலில் உட்காரவைத்த ஜெப ஆலயத்தை அந்தம்மாவால் வெறுக்க முடியவில்லை. அதுதான் புத்தகத்தின் உண்மை. நம்மை ஒதுக்குகிற கோயிலை நாம் விட்டுவிட முடிவதில்லை. ‘எனக்கும் அதில் பங்கு உண்டு’ என்றுதான் சண்டை போடுகிறோம்.

சண்டை போட்டவர் பெயர் ஆபிரகாம் பராக் சேலம். 1882-இல் அதே பிரிவில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்துத் திரும்பிய வக்கீல். கொச்சி சட்டசபை உறுப்பினராக இருந்தார். தொழிலாளர்களுக்காக எர்ணாகுளத்தில் மேடைபோட்டுப் பேசினார். ஊருக்கெல்லாம் வாதாடுகிற வக்கீல், தன் ஜெப ஆலயத்துக்குப் போனால் பெஞ்சில் உட்கார முடியாது. காந்தியின் வழியை அங்கே கொண்டுபோனார். சில காலம் புறக்கணித்தார். பிள்ளைகளோடு போய் உரிமை கேட்டார். வன்முறை இல்லை, விலகிப்போய்த் தனிக் கோயில் கட்டவும் இல்லை. ‘யூத காந்தி’ என்று பெயர் வந்தது.

1940-கள் வரை இழுத்து, ஒவ்வொன்றாகத்தான் விட்டுக்கொடுத்தார்கள். பெஞ்சில் இடம் கிடைத்தது, வாசிக்க அழைப்பு கிடைத்தது. கல்யாணம் மட்டும் கடைசி வேலி. 1950-இல் சேலத்தின் மகன் ஒரு வெள்ளை யூதப் பெண்ணை மணந்தபோது அந்தக் கல்யாணம் கொச்சியில் நடக்க முடியாமல் பம்பாயில் நடந்தது.

அதற்குள் காலம் வேறு கணக்கைத் தொடங்கிவிட்டது. இஸ்ரேல் உருவாகிவிட்டது. போக விரும்பியவர்களுக்காக அங்கே போய்ப் பேசி வழிசெய்து கொடுத்தவரும் இதே சேலம்தான். 1950-களின் நடுவில் ஊர் ஊராகக் கிளம்பிப் போனார்கள். கேரளத்தில் எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. ஏழு பூட்டப்பட்டன. மாளாவில் சாவியைப் பஞ்சாயத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மர வேலைப்பாடுகள் இப்போது ஜெருசலேம் மியூசியத்தில் இருக்கின்றன. சேலம் போகவில்லை. 1967-இல் கொச்சியிலேயே இறந்தார். மட்டாஞ்சேரியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

பரதேசி ஜெப ஆலயத்தில் 1968 டிசம்பரில் நானூறாவது ஆண்டு விழா. இந்திரா காந்தி வந்தார். தபால்தலை வெளியிட்டார்கள். ஆனால் பத்துப் பேர் சேர்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. எர்ணாகுளத்திலிருந்து யாராவது வர வேண்டும், அல்லது வேடிக்கை பார்க்க வந்த இஸ்ரேல் டூரிஸ்ட்டைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் சாரா கோஹன் 96 வயதில் இறந்தார். கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்டில் குவீனி ஹல்லேகுவாவும் போய்விட்டார்.

கவனியுங்கள். பிரிவினையால்தான் இந்தச் சமூகம் கரைந்தது என்று நான் சொல்லவரவில்லை. அது பொய்யாகிவிடும். இஸ்ரேல் அழைத்தது, பிழைப்பு அழைத்தது, போனார்கள். எல்லோரும் சமமாக உட்கார்ந்த ஊர்களிலும் ஆலயங்கள் பூட்டப்பட்டன. ஆனால் ஒரு கணக்கு உறுத்துகிறது. வாசலில் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருந்த காலத்தில் உள்ளே ‘நீ வராதே’ என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் அதே வாசலில் நின்று ‘நீங்க யூதரா, கொஞ்சம் உள்ளே வர முடியுமா?’ என்று முன்பின் தெரியாதவரைக் கேட்க வேண்டியிருந்தது. ஆட்களை வெளியே தள்ளுவதற்கு எண்ணியவர்கள், ஆள் சேர்க்க எண்ணும்போது எண்ணிக்கை தீர்ந்துபோயிருந்தது.

இதெல்லாம் யாரோ யூதர் கதை என்று நினைத்தால், ரமணாசிரமத்தை விட்டு அதிக தூரம் போக வேண்டாம். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். 2023 ஜனவரி 30-இல்தான் அந்த ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முதலாக நுழைந்தார்கள், போலீஸ் பாதுகாப்போடு. இந்திய அரசியலமைப்பு வந்து 73 வருஷம் கழித்து! கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூடுகிறோம். ‘ஊர் கூடித் தேர் இழுக்கணும்’ என்று வாய் கிழியச் சொல்கிறோம். அந்த ‘ஊர்’ என்ற சொல்லில் யார் யார் அடக்கம் என்று கேட்டால்தான் மூச்சு விடமாட்டோம். சேரியை விட்டுவிட்டு எண்ணப்பட்ட ஊர் அது.

நல்ல தலைவர் யார் என்று கேட்டால் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. ஏர்போர்ட் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொலைநோக்கு, துணிச்சல், ஆளுமை என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள். என் வரையறை சின்னது. வாசலில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி உள்ளே பெஞ்சில் உட்காரவைப்பவர் தலைவர். அதை எந்த செப்பேடும் உரிமையாகத் தர முடியாது.

சரி, டீக்கடைப் பெரியவர் என்ன ஆனார்?

ஐந்தேகாலுக்குக் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு தாடிக்காரப் பையனைப் பிடித்து வந்துவிட்டார். கிரிவலம் முடித்த களைப்பில் அவனும் “சரி” என்று வந்தான். ஒன்பது. ஒரு வீட்டு மொட்டை மாடி. பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் நாலு பேர் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், எண்ணிக்கையில் வராதவனாக உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. மலை கறுத்துக்கொண்டு வந்தது. பெரியவர் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது ஆள் வரவில்லை.

பெண்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை என்று அறிமுகமானவர். மெதுவாகச் சொன்னார்: “இங்கே பதின்மூன்று பேர் இருக்கிறோம்.”

பெரியவருக்கும் தெரியும். பெண்களையும் மின்யானில் எண்ணும் யூத சபைகள் உண்டு. அமெரிக்காவில் கன்சர்வேடிவ் பிரிவு 1973-இலேயே அனுமதித்துவிட்டது. ஆனால் இவர் பழைய முறைக்காரர். அவர் ஊர் ஜெப ஆலயத்தில் பெண்கள் திரைக்கு அந்தப்பக்கம். இங்கே கேட்பதற்கு ரப்பி இல்லை. கமிட்டி இல்லை. முடிவு அவருடையதுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டார். ஆசிரியை வந்து நின்றார். மற்ற மூன்று பெண்களும் வந்தார்கள். பெரியவர் எழுந்து அப்பாவுக்கான கத்தீஷைச் சொல்ல ஆரம்பித்தார். குரல் முதல் வரியிலேயே உடைந்தது. ‘ஆமென்’ மட்டும் பலமாகக் கேட்டது.

இறங்கும்போது படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “எங்கள் ஊரில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்” என்றார்.

இரண்டு படி இறங்கியபின், “எங்க அப்பா ஒத்துக்கொள்வார்” என்றார்.

கீழே டீக்கடைக்காரர் காத்திருந்தார். “பத்து சேந்துச்சா சார்?”

“சேர்ந்தது” என்றேன்.